சோறு இல்லாத இலையும் பதினோரு மணித் தலைச்சுற்றலும்

கேள்வி: எனக்கு வயது 54. தேவகோட்டைப் பக்கம் ஊர். ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கும் தனியே ஒரு மாத்திரை உண்டு. கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 8.1, எடை 74 கிலோ. சிங்கப்பூரில் இருக்கும் மகன், அரிசியைத் தொடவே கூடாது, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பையும் புரதத்தையும் கூட்டும் பேலியோ உணவுக்கு மாற வேண்டும் என்று அட்டவணை அனுப்பினான். காலையில் 100 பாதாம், மதியம் கறி அல்லது நாலு முட்டை, இரவு நெய்யில் வறுத்த பனீர். ஒரு மாதத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. ஆனால் பதினோரு மணி வாக்கில் வியர்த்துத் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது. இரவில் கெண்டைக்கால் இழுக்கிறது. மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. சோறு இல்லாத இலை என்ன இலை என்று மாமியார் தினமும் வருத்தப்படுகிறார். இதைத் தொடரலாமா? சோற்றுக்குப் பதில் கவுனி அரிசி சாப்பிடலாமா? ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், அப்போது என்ன செய்வது? இரவில் பால் குடிக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள ஆச்சி,

நீங்கள் கேட்ட நாலு கேள்விக்கும் முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோரு மணிக்கு வியர்வை, நடுக்கம், தலைச்சுற்றல் மூன்றும் சேர்ந்து வருகிறது என்றால் அது பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் நிலை, அதாவது தாழ் சர்க்கரை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் இட்லி சாப்பிட்டீர்களா, பாதாம் சாப்பிட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது. நாலு இட்லிக்கும் மூன்று கரண்டிச் சோற்றுக்கும் பொருந்திய அளவில் எழுதப்பட்ட மாத்திரையை, அந்த இட்லியும் சோறும் இல்லாத வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் உங்கள் மருத்துவரைப் பார்க்கக் கிளம்புங்கள். வீட்டுக் கருவியில் குறித்து வைத்த எண்களை எடுத்துச் செல்லுங்கள். உணவை எப்படி மாற்றினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பல பேர் திட்டு விழும் என்று பயந்து சொல்வதில்லை, அது ஆபத்து. வழக்கமாக இந்த நிலையில் கிளிமிபிரைடைத்தான் முதலில் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தாழ் சர்க்கரை வருவது அரிது. ஆனால் உங்களுடையது இரண்டும் சேர்ந்த மாத்திரை. அதை நீங்களாகவே பாதியாக உடைத்துச் சாப்பிட வேண்டாம், வேறு மாத்திரை எழுதித் தருவார்கள். ரத்த அழுத்தத்தையும் படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். எடையும் உடல்நீரும் குறையும்போது அழுத்தமும் இறங்கும், அப்போது பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடும்.

அதுவரை அந்தத் தலைச்சுற்றல் மீண்டும் வந்தால் முதலில் கருவியில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கியே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. கருவி கையருகில் இல்லையென்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். ‘அரிசியையே விட்டவள், சீனி குடிப்பதா’ என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. பாதாமோ நெய்யோ அப்போது உதவாது, கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும்.

இதே கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோற்றை அடியோடு நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று அவசரச் சிகிச்சைப் பிரிவில் போய்ச் சேர நேரலாம். இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மாவுச்சத்தைக் குறைப்பது நேற்று முளைத்த நாகரிகம் இல்லை. 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை சர்க்கரை நோய்க்கு மருத்துவர்கள் கையில் இருந்த முக்கியமான சிகிச்சையே அதுதான். இன்றைக்கும் அதன் பலன்களில் பெரும்பகுதி சந்தேகத்துக்கு இடமில்லாதவை. சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறையும். எச்பிஏ1சி இறங்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறையும், நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்டிஎல் சற்றுக் கூடும். நம் ஊரில் ஸ்கேன் எடுத்தால் பாதிப் பேருக்காவது எழுதி வருமோ என்று தோன்றும் அந்த ‘கல்லீரலில் கொழுப்பு’ குறையும். தேவைக்கு மேல் உண்ட மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரல்தான் செய்கிறது. இத்தனைக்கும் மேலாக, பசி அடங்கும். புரதம் சேர்ந்த சாப்பாடு வயிற்றில் நிற்கும், மூன்று மணி நேரத்தில் மறுபடி கை பலகார டின்னைத் தேடாது.

ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் உங்கள் மகனோடு எனக்குச் சண்டை. ஆய்வுகளில் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்வது ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள். 2021-இல் 23 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளில் இந்த உணவைக் கடைப்பிடித்தவர்களில் 100-க்கு 57 பேருக்கு ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இறங்கியிருந்தது. மற்ற உணவுமுறைகளில் இருந்தவர்களில் அது 31 பேருக்குத்தான். அசத்தலான வித்தியாசம். ஆனால் ஒரு வருடம் முடியும்போது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. உணவு வேலை செய்யாமல் போனது காரணம் என்று நான் நினைக்கவில்லை. கடுமையான பத்தியத்தை ஒரு வருடம் தாங்கிப் பிடிப்பது மனிதர்களுக்குக் கடினம். காரைக்குடியில் அது இன்னும் கடினம்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வில், 18,000-க்கும் மேற்பட்டவர்களின் உணவுத் தரவுகளை வைத்துக் கணித்து 2022-இல் வெளியிட்டார்கள். மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 50 முதல் 55 விழுக்காடு அளவுக்கு இறக்கி, புரதத்தை 20 விழுக்காடு வரை ஏற்றினால், புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு அது அடங்கவும், எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு வராமல் தடுக்கவும் வாய்ப்பு உண்டு என்பது அந்தக் கணிப்பு. உங்களுக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது, எச்பிஏ1சியும் 8.1 என்பதால் நான் அதைவிடச் சற்று இறுக்கிப் பிடிப்பேன். ஆனால் பூஜ்யம் வரை போகத் தேவையில்லை.

உங்கள் பழைய நாளைக் கணக்குப் போடுவோம். நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன்: காலையில் நாலு இட்லி, ஒன்றுக்குச் சுமார் 12 கிராம் மாவுச்சத்து என்றால் 48. மதியம் மூன்று கிண்ணம் சோறு, கிண்ணத்துக்கு 150 கிராம். 100 கிராம் சோற்றில் 28 கிராம், ஆக 120-ஐத் தாண்டும். நாலு மணிக்கு இடைப்பலகாரம், வெள்ளைப் பணியாரம் நாலைந்து. இரவு மூன்று தோசை. இரண்டு வேளை சீனி போட்ட காபி. கூட்டினால் 300 கிராமைத் தாண்டிவிடும். இதை 130-லிருந்து 150-க்குள் கொண்டுவந்தாலே பாதியாகிவிட்டது. அந்த அளவில் உங்கள் சர்க்கரை நன்றாகவே இறங்கும், மாமியாரும் இலையில் சோற்றைப் பார்ப்பார்.

நாலு கிலோ குறைந்ததில் உங்களுக்குச் சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அதில் ஒன்றரை, இரண்டு கிலோ வெறும் தண்ணீராக இருக்கும். உடல் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் கிளைக்கோஜன் கரைகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றும். கெண்டைக்கால் இழுப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பேலியோக் குழுக்களில் உப்பு நீர் குடிக்கச் சொல்வார்கள். ரத்த அழுத்தம் இருக்கும் உங்களுக்கு அது வேண்டாம், மோரும் கீரையும் போதும். சோற்றைச் சற்றுச் சேர்த்துக்கொண்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விடாமல் இழுத்தால் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்த்துவிடலாம்.

அந்த 100 பாதாமில் ஏறத்தாழ 700 கலோரி இருக்கிறது. ஒரு முழுச் சாப்பாடு. விலையைப் பற்றி நான் பேசவில்லை. 20 போதும்.

இனிச் சமையற்கட்டுக்குள் போவோம். குறைந்த மாவுச்சத்து உணவுக்குச் செட்டிநாட்டு அடுப்படியைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். நம் சமையலின் கைவண்ணம் எல்லாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது. கோழி மிளகு வறுவல், உப்புக்கறி, மீன் குழம்பு, தண்ணிக்குழம்பு, வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய்க் கோசமல்லி, வாழைப்பூப் பொரியல், கீரை மசியல். மிளகு, சீரகம், சோம்பு, கல்பாசி, மராத்தி மொக்கு எதிலும் கணக்கில் வைக்கும் அளவு மாவுச்சத்து கிடையாது. இலையில் இவையெல்லாம் ஓரத்தில் கொஞ்சமாகவும், நடுவில் சோறு குன்றக்குடி மலை போலவும் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும். ஒரு கிண்ணம் சோறு, அதாவது 150 கிராம், அதைச் சுற்றி இரண்டு காய், ஒரு கீரை அல்லது பருப்பு, கை அகலத்துக்குக் கறியோ மீனோ முட்டையோ.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் காயும் கறியும், சோறு கடைசியில். அதே சாப்பாட்டை இந்த வரிசையில் உண்டால் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிறகு 15 நிமிடம் நடை. வெயிலுக்குப் பயந்து நம் ஊரில் யாரும் மதியம் வெளியே நடப்பதில்லை, நியாயம்தான். வளவுக்குள்ளேயே, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரமான பத்தியில் நடங்கள். அவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

காய் என்று சொன்னதும் உருளைக்கிழங்குக் காரப்பிரட்டலையும் வாழைக்காய் வறுவலையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் சோற்றுக் கணக்கில்தான் சேரும். அவை இலையில் இருந்தால் அன்றைக்குச் சோறு அதற்கேற்பக் குறைய வேண்டும். பயறு வகைகளைப் பேலியோ அட்டவணை விலக்கி வைக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் மாவுச்சத்து உண்டு, ஆனால் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்தே வருவதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். உங்கள் மலச்சிக்கலுக்கும் இதுவே மருந்து. வாழைத்தண்டும் கீரையும் அதோடு சேரட்டும், தண்ணீரும் கூடட்டும்.

தினமும் கறி, நெய், பனீர் என்று போவதில் இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய 25 ஆண்டுகள் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தை இறைச்சியால் நிரப்பியவர்களுக்கு இறப்பு விகிதம் கூடுதலாகவும், பயறு, கொட்டை வகைகளால் நிரப்பியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. இதுதான் காரணம் என்று அந்த வகை ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் அதை அலட்சியப்படுத்த மாட்டேன். சிலருக்கு நெய்யும் வெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கூடும்போது கெட்ட கொழுப்பான எல்டிஎல் எகிறிவிடுகிறது. ஆகவே கொழுப்புப் பரிசோதனையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியோடு ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் புரதத்தின் அளவையே வேறு மாதிரி வகுக்க வேண்டும்.

நம் பகுதியில் சர்க்கரையை ஏற்றும் பெரிய குற்றவாளி மதியச் சோறு என்று நான் நினைக்கவில்லை. அந்த நாலு மணி இடைப்பலகாரத்தைத்தான் சந்தேகிக்கிறேன். பச்சரிசியை உளுந்தோடு அரைத்து எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம், வெல்லம் சேர்த்த கந்தரப்பம், தேங்காய்ப்பாலில் ஊறிய பால் பணியாரம். இவற்றைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. ‘சாப்பிடவே இல்லை டாக்டர், சும்மா இரண்டு சீயம்தான்’ என்பார்கள். தேன்குழலும் மனகோலமும் டின்னில் இருந்தால் போகும்போதும் வரும்போதும் கை போகும். அந்த டின்னை வீட்டுக்குள் வைக்காமல் இருப்பது, வைத்துக்கொண்டு மனதை அடக்குவதைவிட எளிது. நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் மோர்.

கவுனி அரிசிக்கு வருவோம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் கொண்டுவந்தது என்று நம் ஊரில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் அதற்குத் தனி மரியாதை. தோலோடு இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், அந்தக் கருஞ்சிவப்பு நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்ற பொருளும் நல்லதுதான். ஆனால் அதுவும் அரிசியே. வேகவைக்காத 100 கிராம் கவுனியில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அதிலும் நாம் அதை வேகவைத்து அப்படியேவா சாப்பிடுகிறோம்? சீனி, நெய், தேங்காய்த் துருவல் எல்லாம் கொட்டிக் கிளறினால் அது இனிப்புப் பண்டம். இனிப்பு சேர்க்காமல் சோறாகவோ, இட்லி மாவில் கலந்தோ, அதே ஒரு கிண்ண அளவுக்குள் சாப்பிடுவதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. வரகு, சாமைக்கும் இதே பதில்தான். வெள்ளை அரிசியே தொடர்வதானால் பச்சரிசியைவிடப் புழுங்கல் சற்று மேல். புதுவயல் ஆலைகளில் அதற்குப் பஞ்சமில்லை. வடித்த சோறு நல்லது, குக்கர் சோறு கெட்டது என்ற பேச்சை அதிகம் நம்பாதீர்கள். இலையில் விழும் அளவுதான் முடிவு செய்கிறது.

கல்யாணத்தைப் பொறுத்தவரை பந்தியைவிட எனக்குப் பயம், அதற்கு முந்தைய வாரங்கள். வீட்டில் பலகாரம் சுடுவார்கள், பெண்ணைப் பெற்றவர் நீங்கள், பதம் பார்க்கச் சொல்லி ஒவ்வொரு ஈடும் உங்கள் கைக்கு வரும். அந்த வேலையை உங்கள் நாத்தனாரிடமோ தங்கையிடமோ கொடுத்துவிடுங்கள். கல்யாணத்தன்று அலைச்சலில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பது பணியாரம் தின்பதைவிட மோசம். பந்தியில் இலை நுனியில் வைக்கும் இனிப்பைக் கடைசிவரை தொடாமல் வைத்திருங்கள், கூட்டும் பொரியலும் முடிந்த பிறகு பிடித்த ஒன்றை மட்டும் சாப்பிடுங்கள். இனிப்பு சாப்பிட்ட குற்ற உணர்வில் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். மகள் கல்யாணத்தில் ஒரு வேளை கூடிப் போனால் எதுவும் கெட்டுவிடாது, மறுநாள் காலை இரண்டு இட்லியும் ஒரு முட்டையுமாகத் திரும்பிவிடுங்கள்.

மாமியாருக்கு என்ன வயது என்று எழுதவில்லை. உங்களைப் பார்த்து அவரும் சோற்றைக் குறைக்க ஆரம்பித்தால் விடாதீர்கள். மெலிந்த முதியவர்களுக்குத் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து, அவருக்கு இந்தப் பத்தியம் தேவையில்லை.

இரவுப் பால்: 200 மில்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. சீனியும் கருப்பட்டியும் சேர்க்காமல் தாராளமாகக் குடியுங்கள். மாத்திரை மாறும்வரை படுக்கும் முன் தினமும் சர்க்கரையைப் பாருங்கள். 100-க்குக் கீழே காட்டினால் அந்தப் பாலோடு இரண்டு பிஸ்கட்டையும் கட்டாயம் சாப்பிட்டுவிட்டே படுங்கள், அந்த எண்ணையும் தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.